வலிதாயத்திலிருந்து ஆலங்காட்டுக்கு

பாடியில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே மேம்பாலத்தைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சரவணா ஸ்டோர்ஸைச் சொல்வார்கள். கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையைச் சொல்வார்கள். சம்பந்தர் பாடிய ஊர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மெயின் ரோட்டின் இரைச்சலை விட்டு உள்ளே நடந்தால் திருவலிதாயம் என்ற பழம்பெயரோடு வல்லீஸ்வரர் கோயில் இருக்கிறது. கருவறை தூங்கானை மாடம். யானை படுத்திருக்கும்போது அதன் பின்புறம் எப்படி வளைந்திருக்குமோ அப்படிப்பட்ட கட்டு. அம்பாள் ஜெகதாம்பிகை. குரு பரிகாரத் தலம் என்று பெயரெடுத்துவிட்டதால் வியாழக்கிழமை வந்தால் கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் துணியுமாக வரிசை நீளும்.

அப்படி ஒரு வியாழக்கிழமை மாலையில் பிராகாரத்தில் உட்கார்ந்து பெரியவர் ஒருவர் பதிகம் பாடிக்கொண்டிருந்தார். கம்பீரநாட்டை போலக் கேட்டது. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் பொருட்படுத்தவில்லை. முடித்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"ஐயா, இது எந்தப் பதிகம்?"

"நம்ம ஊர்ப் பதிகம்தாம்மா. முதல் திருமுறையில மூணாவது. பண்ணு நட்டபாடை." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவரே தொடர்ந்தார். "சம்பந்தப் பிள்ளைக்கு முன்னாடியே இதே பண்ணுல ஒரு அம்மா பாடியிருக்காங்க. திருவாலங்காட்டுல. பதிகம்னு ஒண்ணை ஆரம்பிச்சு வச்சதே அவங்கதான்."

காரைக்கால் அம்மையாரைத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து திருமுறைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. அம்மையார் பாடிய இரண்டு பதிகங்களும் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் என்று பெயர். தேவாரப் பதிகங்களுக்கு எல்லாம் மூத்தவை என்பதால்தான் அந்த அடைமொழி. ஒன்று நட்டபாடை, மற்றொன்று இந்தளம். ஒவ்வொன்றிலும் பத்துப் பாட்டும், தன் பெயரைப் பதித்து முடிக்கும் பதினோராவது பாட்டும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ஊர் ஊராகப் போய்ப் பாடிய பதிகங்களின் முடிவில் "ஞானசம்பந்தன்" என்று தம் பெயரை வைக்கிறாரே, அந்த முறையை அவருக்கு முன்பே ஒரு பெண் செய்து காட்டியிருக்கிறார். அவர் வைத்த பெயர் "காரைக்கால் பேய்".

எங்கள் ஊர்க் கோயிலில் ஒலிக்கிற பாட்டுக்கு அச்சு வார்த்துக் கொடுத்தவர் ஒரு பெண். இது தெரியாமல் இத்தனை காலம் அந்தப் பிராகாரத்தைச் சுற்றியிருக்கிறேன். திருவாலங்காட்டுக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இன்னொரு காரணமும் இருந்தது. சேக்கிழார் சொல்லும் கதைப்படி, திருவாலங்காட்டின் எல்லைக்கு வந்த சம்பந்தர் உள்ளே நுழையவில்லை. அம்மையார் தலையால் நடந்த மண்ணைத் தம் காலால் மிதிக்க மாட்டேன் என்று பக்கத்து ஊரான பழையனூரிலேயே தங்கிவிட்டார். இரவு கனவில் இறைவன் வந்து, எம்மைப் பாட மறந்தாயோ என்று கேட்க, விடிந்ததும் பாடினார். அதன் பிறகு காளத்தி வரை போய்த் திரும்பும் வழியில் வேற்காட்டைத் தொழுது, வலிதாயம் வந்து, திருவொற்றியூருக்குப் போனார் என்று பெரியபுராணம் வழி சொல்கிறது. அந்தப் பிள்ளை வந்த வழியைத் திருப்பிப் போட்டால் என் பயணம்.

அத்தையும் வருவதாகச் சொன்னார். என் கணவரின் அம்மா. திருநள்ளாற்றுப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. காரைக்கால் அவர் பிறந்த ஊருக்கு டவுன். "பேயம்மா இருக்கிற எடத்துக்கா? நான் இல்லாம எப்படிம்மா போவே?" என்றார்.

கொரட்டூரில் அரக்கோணம் லோக்கலைப் பிடித்தோம். பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று வண்டி நின்று நின்று போகிறது. ஒரே தண்டவாளத்தில் எத்தனை தலங்கள்! கண்பார்வை இழந்த சுந்தரர் நின்று பாடிய திருமுல்லைவாயில் அங்கே. தெற்கே கொஞ்சம் விலகினால் மூர்க்க நாயனாரின் திருவேற்காடு. திருநின்றவூரில் பூசலார். கல்லும் காசும் இல்லாததால் மனத்துக்குள்ளேயே செங்கல் செங்கலாகக் கோயில் கட்டி, அங்கேயே குடமுழுக்குக்கு நாள் குறித்தவர். அதே ஊர்ப் பெருமாள் கோயிலில் தாயாரின் திருப்பெயர் "என்னைப் பெற்ற தாயார்". இந்தத் தண்டவாளத்தில் தினமும் போய்வரும் லட்சம் பேரில் எத்தனை பேருக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் பெட்டியில் கூட்டம் ஆவடியில் குறைந்து உட்கார இடம் கிடைத்தது. அத்தை காரைக்கால் மாங்கனித் திருவிழாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும். பிச்சாண்டவர் வீதி உலா வரும்போது மாடியிலிருந்தும் கூரையிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கிறவர்கள் முந்தானையையும் துண்டையும் விரித்துப் பிடிப்பார்கள். குழந்தை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிறக்கும் என்று நம்பிக்கை.

"உங்க மாமாவைக் கட்டிக்கிட்டு மூணு வருசம் ஒண்ணும் தங்கலை. எங்கம்மா என்னை இழுத்துக்கிட்டுப் போயி நிறுத்துனாங்க. பழம் மண்டையிலதான் விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு அத்தை தலையைத் தடவிக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் புட்லூரில் இறங்கினார்கள். நிறைமாதக் கர்ப்பிணியாக மல்லாந்து படுத்திருக்கும் பூங்காவனத்தம்மன் கோயில் அங்கே இருக்கிறது. இறங்கியவர்கள் கையில் மஞ்சளும் கண்ணாடி வளையலும். ஒரு பெண் இறங்கும்முன் அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மாங்கனிக் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. 1973-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் லட்சுமி இளம் புனிதவதியாகவும் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாராகவும் வந்து அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார்கள். காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தனின் மகள் புனிதவதி. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றை அடியாருக்குப் போட்டுவிடுகிறாள். கணவன் சாப்பிடும்போது இரண்டாவதையும் கேட்க, இறைவனை வேண்டுகிறாள், பழம் கைக்கு வருகிறது. சுவை வேறாக இருக்கவே அவன் துருவிக் கேட்கிறான். உண்மை தெரிந்ததும் இவள் மனுஷி இல்லை என்று பயந்து கப்பல் ஏறுகிறான். பாண்டி நாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைக்கிறான். சுற்றத்தார் இவளைப் பல்லக்கில் அழைத்துப் போனபோது, புது மனைவியோடும் மகளோடும் வந்து காலில் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த உடம்பு இனி வேண்டாம் என்று சதையை உதறிப் பேய் வடிவம் பெறுகிறாள் புனிதவதி. கயிலைக்குத் தலையால் நடந்து ஏறியவளை இறைவன் "அம்மையே" என்று அழைக்கிறான். ஆலங்காட்டில் நீ ஆடும்போது உன் காலடியில் இருந்து பாட வேண்டும் என்று வரம் கேட்கிறாள்.

இதைச் சொன்னவர் சேக்கிழார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். பூந்தமல்லிக்குத் தெற்கே இருக்கும் குன்றத்தூரில் பிறந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர். அம்மையார் வாழ்ந்ததோ ஆறாம் நூற்றாண்டை ஒட்டி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இடையில் அறுநூறு ஆண்டுகள்.

அம்மையாரின் பாட்டுகளை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை படித்தவர்களுக்கு ஒன்று விளங்கும். அவற்றில் மாம்பழம் இல்லை. பரமதத்தன் இல்லை. விட்டுப்போன கணவனைப் பற்றி ஒரு பெருமூச்சுக்கூட இல்லை. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா, திருவிரட்டை மணிமாலை 20, பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22, ஆக 143 பாட்டு. இத்தனையிலும் அவர் பேசுவது ஒருவனோடுதான், ஒருவனைப் பற்றித்தான். பிறந்து பேச்சுப் பழகிய நாள் முதல் உன் காலடியில்தான் என் அன்பு என்று அந்தாதியைத் தொடங்குகிறார். அவன் என் துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி காட்டாவிட்டாலும் என் அன்பு மாறாது என்று அடுத்து சொல்கிறார். கொடுப்பதற்கும் பெறுவதற்கும் அப்பாற்பட்ட இப்படி ஒரு நிலையைத் தமிழில் இவருக்கு முன் யாரும் தனி மனிதக் குரலில் சொல்லி நான் படித்ததில்லை.

பயபக்தியோடு ஒதுங்கி நிற்கும் குரலும் இல்லை அது. உரிமையோடு கண்டிக்கிறது. உலகமெல்லாம் பிச்சைக்குப் போகிறாய், சரி, அந்தப் பாம்பை எதற்குக் கூடவே கொண்டுபோகிறாய், பெண்கள் பயந்து பிச்சை போட மாட்டார்களே என்று கேட்கிறார். நெருப்பை ஏந்தி ஆடுகிறாயே, நெருப்புப் பட்டு உன் உள்ளங்கை சிவந்ததா, உன் உள்ளங்கை பட்டு நெருப்பு சிவந்ததா என்று வியக்கிறார். வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சு இது. அந்த "அம்மையே" என்ற அழைப்பைச் சேக்கிழார் கற்பனையாகவே வைத்திருந்தாலும், பாட்டுகளைப் படித்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

திருவள்ளூர் தாண்டியதும் வெளியே வயலும் செங்கல் சூளையும் மாறி மாறி வந்தன. கடம்பத்தூர், செஞ்சிப்பனம்பாக்கம், மணவூர், அடுத்தது திருவாலங்காடு. ஸ்டேஷனிலிருந்து கோயில் சில கிலோமீட்டர் தள்ளி. ஷேர் ஆட்டோக்காரர் ஏறும்போதே சொல்லிவிட்டார். "முதல்ல காளி கோயில்ல எறக்கிவிடறேன்மா. அவங்களைப் பார்த்துட்டுத்தான் உள்ள போவணும்." அது இந்த ஊர் முறை. குளக்கரையில் பத்திரகாளி தனிக்கோயிலில் இருக்கிறாள். இந்த ஆலங்காடு அவளுடையது. சிவன் அவளோடு போட்டிக்கு ஆடி, ஒரு காலை வானை நோக்கி உயர்த்தி வென்றான் என்பது தலபுராணம். வென்றவனைப் பார்க்கும் முன் ஊருக்கு உரியவளைப் பார்க்க வேண்டும் என்ற இந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. அத்தை எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு நீண்ட நேரம் கண்ணை மூடி நின்றார்.

பெரிய கோயிலில் இறைவன் வடாரண்யேஸ்வரர், அம்பாள் வண்டார்குழலி. ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. ஊர்த்துவ தாண்டவக் கோலம். உயர்த்திய கால் உடம்போடு ஒட்டி நேரே மேலே போகிறது. தில்லையில் பார்த்துப் பழகிய ஆனந்த தாண்டவத்தின் நிதானம் இதில் இல்லை. வேகம் முழுவதையும் ஒரு கணத்தில் நிறுத்தி வைத்த நிலை. பக்கத்தில் சிறிய உருவமாக அம்மையார் அமர்ந்திருக்கிறார்.

தீபம் காட்டும்போது கூட்டத்தின் பார்வை உயர்ந்த காலின் மேல் போகிறது. அத்தை மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "எலும்பும் தோலுமா எப்படி உக்காந்திருக்கா பாரு. ஆனா மொகத்துல ஒரு சிரிப்பு" என்றார். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையாரை மட்டும் அமர்த்தி வைக்கிறார்கள். கையில் தாளம். அதைத் தட்டித் தட்டி அவர் பாடிக்கொண்டிருக்க, அவன் ஆட வேண்டும். ஆட்டத்துக்கு நட்டுவாங்கம் பிடிப்பவர் உட்கார்ந்துதானே இருப்பார். அந்த மரியாதையில்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

தரிசனம் முடிந்து குளக்கரைக்கு வந்தோம். முக்தி தீர்த்தம் என்று சொல்கிறார்கள். படியில் உட்கார்ந்து மூத்த திருப்பதிகத்தை விரித்தேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "சத்தமா படி, நானும் கேக்கிறேன்" என்றார். பாட்டைப் படித்து, அர்த்தத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

அது முழுக்கச் சுடுகாடு. எரிந்து அவிந்த கொள்ளி, கள்ளிப் புதர், ஆந்தை, நரி. வயிறு ஒட்டி, நரம்பு புடைத்து, கண் குழிந்து, பல் நீண்ட பெண் பேய் முதல் பாட்டிலேயே வந்து நிற்கிறது. அடுத்த பாட்டில் ஒரு பேய் கள்ளியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, கொள்ளிக்கட்டையை எடுத்து மசித்து, அதையே மையாகக் கண்ணுக்குத் தீட்டிக்கொள்கிறது. சிரித்துக் குதித்து ஆடுகிறது. சிதை நெருப்பு மேலே சுட்டதும் கோபம் வந்து மண்ணை அள்ளி நெருப்பின் மேல் போடுகிறது. அத்தை சிரித்தார். "மை வைக்கிற ஆசை போகலை பாரேன்!"

ஐந்தாவது பாட்டுக்கு வந்தேன். அங்கே ஒரு தாய்ப் பேய். குழந்தைக்குக் காளி என்று ஆசையாகப் பெயர் வைத்து வளர்க்கிறது. மேலே ஒட்டிய புழுதியைத் தட்டி, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறது. போன தாய் திரும்பவில்லை. அழுது அழுது அந்தப் பேய்க் குழந்தை தூங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட காட்டில்தான் எங்கள் அப்பன் ஆடுகிறான் என்று பாட்டு முடிகிறது.

அத்தை சிரிக்கவில்லை. "பால் குடுத்துட்டு வேலைக்குப் போயிருப்பா" என்றார். பிறகு, "நடவுக்குப் போறப்போ உன் வீட்டுக்காரனை வரப்புல தூளி கட்டிப் போட்டுட்டுப் போவேன். ஒரு குத்து நட்டு முடிச்சு வந்து பாத்தா அழுது அழுது ஓஞ்சு தூங்கிக் கெடப்பான். கன்னத்துல கோடு கோடா காஞ்சிருக்கும்" என்றார்.

இந்தப் பதிகத்துக்கு எழுதப்பட்ட உரைகளைப் படித்திருக்கிறேன். சுடுகாடு என்பது பக்குவப்பட்ட உயிரின் நிலை, பேய் என்பது சிவகணம் என்று தத்துவமாக விரிப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அத்தை சொன்னதை எந்த உரையிலும் நான் படித்ததில்லை. எல்லாரும் அருவருத்து ஒதுங்குகிற இடத்தில் நின்று, அங்கே ஒரு குழந்தை அழுது தூங்கியதைக் கண்ட கண் அம்மையாருடையது. அந்தக் குழந்தையின் மேல் புழுதி இருந்ததையும், தாய் அதைத் தட்டிவிட்டதையும் கண்ட கண். பிள்ளை பெறாத பெண் என்று புராணம் சொல்லும் ஒருத்தி இதைப் பாடியிருக்கிறார்.

அந்தப் பதிகத்திலேயே ஏழிசைகளின் பழந்தமிழ்ப் பெயர்கள் வருகின்றன. கொக்கரை, தக்கை, குடமுழா என்று வாத்தியங்கள் அணிவகுக்கின்றன. பாடியவர் இசையை முறையாக அறிந்தவர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கட்டளைக் கலித்துறையையும் வெண்பாவையும் மாற்றி மாற்றி வைத்து இரட்டை மணிமாலை தொடுத்தவரும், அந்தாதியை ஒரு முழு நூலாக ஆக்கிக் காட்டியவரும் இவரே. பின்னால் வந்த சைவ, வைணவக் கவிகள் அந்தாதி அந்தாதியாகப் பாடிக் குவித்ததெல்லாம் இவருக்குப் பிறகுதான்.

அறுபத்துமூன்று நாயன்மார்களில் பெண்கள் மூவர். மங்கையர்க்கரசியார் தொண்டாலும் இசைஞானியார் சுந்தரரைப் பெற்ற தாய் என்பதாலும் அந்த இடத்தைப் பெற்றார்கள். பாட்டு எழுதியவர் அம்மையார் ஒருவரே. பன்னிரண்டு ஆழ்வார்களில் பெண் ஆண்டாள் ஒருவரே. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் பாசுரங்கள் 143 என்பது ஒரு வியப்பான ஒற்றுமை. ஆண்டாள் மணப்பெண்ணாக மாலை சூடி நின்றவர். அம்மையாரோ அழகையும் இளமையையும் கழற்றி வைத்தவர். தமிழ்நாடு ஆண்டாளை மார்கழி தோறும் வீட்டு வாசலுக்கு அழைக்கிறது. அம்மையாரின் பாட்டு கோயிலுக்கு உள்ளேயே அரிதாகத்தான் கேட்கிறது. மணப்பெண்ணை வீட்டுக்கு அழைப்பது எளிது என்பதால் இப்படி நேர்ந்திருக்கலாம்.

இந்தியாவின் மற்ற மொழிகளில் இப்படிப் பாடிய பெண்கள் எல்லாரும் இவருக்குப் பின்னால் வந்தவர்கள். கன்னடத்தின் அக்கமகாதேவி பன்னிரண்டாம் நூற்றாண்டு. உடையையும் துறந்து, மல்லிகார்ச்சுனனையே கணவனாக வரித்து ஸ்ரீசைலம் போனார். காஷ்மீரத்தின் லல்லா பதினான்காம் நூற்றாண்டில் புகுந்த வீட்டை விட்டு வெளியேறினார். மராத்தியில் நாமதேவர் வீட்டுப் பணிப்பெண் ஜனாபாய் மாவு அரைத்துக்கொண்டே விட்டலனைப் பாடினார். மீரா பதினாறாம் நூற்றாண்டில் மேவாட் அரண்மனையை விட்டுப் போனார். ஏறக்குறைய எல்லாருடைய கதையிலும் வீட்டு வாசற்படியைத் தாண்டுகிற ஒரு இடம் வருகிறது. அம்மையார் கதையில் மட்டும் வாசற்படியைத் தாண்டி ஓடியவன் கணவன்.

திருவாலங்காட்டின் பெருமை ஊரை விட்டு வெகுதூரம் போயிருக்கிறது. 1905-இல் இங்கே கிடைத்த 31 செப்பேடுகள் இராசேந்திர சோழன் காலத்தவை. பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம் அது. சோழர் வரலாற்றை எழுதுபவர்கள் அதைத் தொடாமல் எழுத முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற நடராசர் சிலையும் இந்த ஊருடையது. அதன் புகைப்படங்களை மட்டுமே பார்த்து பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் எழுதிய கட்டுரை, அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து 1921-இல் வெளிவந்தது. அம்மையாரின் செப்புத் திருமேனிகள் நியூயார்க்கிலும் கான்சாஸ் நகரத்திலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கம்போடியாவில் 967-இல் கட்டி முடித்த பன்தியாய் ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் பெண் அம்மையார்தான் என்று கலை வரலாற்றாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கடல் கடந்து போன வணிகனின் மனைவி கடல் கடந்தும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் பழையனூருக்குப் போனோம். அது நீலியின் ஊர். முற்பிறப்பில் கணவன் கையால் கொலையுண்ட பெண், பேயாகி, வணிகனாக மறுபிறவி எடுத்த அவனைத் துரத்தி வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கணவனை என்னோடு சேர்த்து வையுங்கள் என்று பழையனூர் வேளாளர்களிடம் முறையிடுகிறாள். வணிகன் பயந்து நடுங்குகிறான். உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று 70 வேளாளர்கள் வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிவதற்குள் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார் என்றால் கதை அவர் காலத்துக்கும் முந்தியது. எழுபதின்மர் தீப்பாய்ந்த இடத்தில் அவர்களுக்கு மண்டபம் இருக்கிறது. வாக்குத் தவறாத அந்த மனிதர்களை இன்றும் கும்பிடுகிறார்கள். கும்பிட வேண்டியவர்கள்தான்.

ஆனால் நீலி? கொல்லப்பட்டவள் அவள். அவள் அழுததைப் பொய்க் கண்ணீருக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு பெண் பேய்கள். இருவரும் கணவனால் வாழ்விழந்தவர்கள். ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துகிறோம். மற்றவளை நடராசரின் பக்கத்தில் வைத்து வணங்குகிறோம். அம்மையார் தம்மைப் பேய் என்று அழைத்துக்கொண்டபோது இந்த மண்ணில் பேய் என்ற சொல் சுமந்திருந்த பயத்தையும் பழியையும் அறியாமலா அழைத்திருப்பார்? அறிந்தே எடுத்துப் பூண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். ஊர் ஒதுக்கிய பெண்ணுருவத்தை அவர் ஆடுபவனின் காலடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் அவரைக் குறிப்பிடும்போது பேயார் என்ற பெயராலேயே வணங்கியிருக்கிறார்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "நீலிக்கும் ஒரு வெளக்கு ஏத்தணும்" என்றார். வாங்கி வந்த சூடத்தில் மிச்சம் இருந்ததை மண்டபத்துக்கு வெளியே ஒரு கல்லின் மேல் வைத்து ஏற்றினார். யாரும் தடுக்கவில்லை.

அம்மையார் இறைவனோடு கலந்ததாகக் கொள்ளும் பங்குனி சுவாதி அன்று திருவாலங்காட்டில் விழா நடக்கும். மார்கழித் திருவாதிரைக்குப் பெருங்கூட்டம் வரும். நெரிசல் வேண்டாம் என்பவர்கள் சாதாரண நாளில் போகலாம். பாடிக்காரர்களுக்குக் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் அரக்கோணம், திருத்தணி வண்டிகள் கிடைக்கும். காளியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

மாங்கனிக் கதையைக் கோயில்களில் சொற்பொழிவாகச் சொல்கிறவர்களிடமும், பேரப் பிள்ளைகளுக்குச் சொல்கிற பாட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். கதையை நன்றாகச் சொல்லுங்கள். சேக்கிழார் அதை அவ்வளவு அழகாகச் செய்து வைத்திருக்கிறார். சொல்லி முடித்ததும் அம்மையாரின் பாட்டு ஒன்றையாவது பாடுங்கள், பாட வராவிட்டால் படியுங்கள். இரண்டு மூத்த திருப்பதிகங்களிலும் சேர்த்து இருபத்திரண்டு பாட்டுத்தான். ஆலங்காட்டுக் குளப்படியில் உட்கார்ந்து நிதானமாக வாசித்தாலும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.